பதினேழாவது அசைவுக்குப் பிறகு

பதினேழாவது அசைவு முடிந்ததும் என் கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே மிதிக்கக் கூடாது. மிதிப்பதற்கு இன்னும் மூன்று அசைவுகள் பாக்கி இருந்தன. அது தெரிந்தேதான் மிதித்தேன். கால் தரையைத் தொடும் முன்பே ‘தப்பு’ என்று மனம் சொல்லிவிட்டது, ஆனால் கால் அதைக் கேட்கவில்லை.

இது நடந்தது மூலனூரில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஆனி மாத விடியற்காலையில். தாராபுரத்திலிருந்து கரூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பருத்தி ஏலத்தாலும் முருங்கையாலும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆனி, ஆடியில் இங்கே நிற்கிற ஆளைத் தள்ளும். சுற்று வட்டாரக் காற்றாலைகள் சுழல்வதும் அந்தக் காற்றில்தான். ஒற்றைக் காலில் நின்று பழக இதைவிடக் கடினமான இடம் கிடைக்காது. ஆனால் என் சிக்கலுக்குக் காற்று காரணமில்லை. காற்றே இல்லாத மார்கழியிலும் பதினேழாவது அசைவுக்குப் பிறகு நான் மிதித்திருக்கிறேன். என்னோடு பழகுகிறவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் அதே இடத்தில் மிதித்தார்கள். பத்துப் பேர் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள் என்றால், நடக்கிறவர்களைக் குறை சொல்வதைவிடப் பாதையைப் பார்ப்பதுதான் நல்லது.

டேக்வாண்டோ கொரியாவின் தற்காப்புக் கலை. அதில் எதிராளி இல்லாமல், முன்கூட்டியே வகுத்த வரிசையில் தடுப்பும் அடியும் உதையும் செய்துகாட்டும் தொகுப்புக்குப் பூம்சே என்று பெயர். நம் குத்துவரிசையை நினைத்துக்கொண்டால் போதும். சியோல் நகரில் 1972இல் நிறுவப்பட்ட குக்கிவோன் தலைமையகத்தின் பாடத்திட்டப்படி, கருப்பு பெல்ட் வாங்கும் வரை எட்டு தேகுக் பூம்சேக்கள். வாங்கிய பிறகு ஒன்பது. அந்த ஒன்பதில் முதலாவது கோர்யோ, 30 அசைவுகள். இரண்டாவது கும்காங், 27 அசைவுகள். கருப்பு பெல்ட்டில் முதல் டான் என்ற படியை முடித்து இரண்டாவது டானுக்கு வந்தவர், மூன்றாவதற்குப் போகும் வழியில் கும்காங்கைக் கைக்குக் கொண்டுவர வேண்டும்.

கும்காங் என்றால் வைரம். வடமொழி வஜ்ரத்துக்குச் சீனர் இட்ட பெயரைக் கொரியர் தம் நாவில் உச்சரிப்பது அது. சிலப்பதிகாரத்துப் புகாரில் வச்சிரக் கோட்டம் இருந்ததே, அதே வச்சிரம்தான் பௌத்தத்தோடு பயணம் செய்து, கொரியாவின் ஒரு மலைக்கும் இந்தப் பூம்சேவுக்கும் பெயராகியிருக்கிறது. ஆடுகிறவர் தரையில் நடந்து போகும் கோடும் மலையைக் குறிக்கும் சீன எழுத்தின் வடிவம்: நடுவில் ஓர் உயரக் கோல், இருபுறமும் குட்டைக் கோல்கள், கீழே படுக்கைக் கோடு.

கோர்யோவைவிட மூன்று அசைவு குறைவு. போதாததற்கு உதை ஒன்றுகூடக் கிடையாது. அதனால் எளிது என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். உள்ளே இருக்கும் அமைப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் இதன் கடினம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

முதல் ஏழு அசைவுகளை முகப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கைகளாலும் விலக்கும் ஒரு தடுப்பு, உள்ளங்கை அடிப்பகுதியால் தாடையைத் தாக்கும் மூன்று அடிகள், பின்வாங்கியபடி கத்திக்கையால் மூன்று தடுப்புகள். பிறகு ஒரு காலைத் தூக்கிக் கொக்குப்போல நின்று வைரத் தடுப்பு. அந்தக் காலை இறக்கிக் குதிரை நிலையில் அமர்ந்து ஒரு கையை மார்புக்கு மேலாக மடக்குதல். ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே மடக்கு. இந்த மூன்றும் சேர்ந்தது கொக்கு. அடுத்து, தரையை ஓங்கி மிதித்து இரண்டு கைகளையும் மலை முகடுபோல உயர்த்தும் தடுப்பு. நெஞ்சுக்கு முன் விலக்கு. எழுந்து நின்று கீழ்விலக்கு. மறுபடி மிதித்து மலைத் தடுப்பு. இந்த நான்கும் மலை. இனி மொத்தப் பூம்சேயையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்: முகப்பு, கொக்கு, மலை, கொக்கு, கொக்கு, மலை, கொக்கு. ஏழும் மூன்றும் நான்கும் மூன்றும் மூன்றும் நான்கும் மூன்றும், ஆக 27.

முதல் கொக்கும் கடைசிக் கொக்கும் இடது காலைத் தூக்குபவை. நடுவில் அடுத்தடுத்து வரும் இரண்டும் வலது காலைத் தூக்குபவை. அந்த நடு இரண்டைக் கவனியுங்கள். கால், கை, திசை, சுற்று எதிலும் வேற்றுமை இல்லை. பதினேழாவது அசைவும் இருபதாவது அசைவும் அச்சு ஒன்று. ஆனால் பதினேழுக்குப் பிறகு மறுபடி கொக்கு வர வேண்டும், இருபதுக்குப் பிறகு மலை வர வேண்டும். உடம்பு ஒரே நிலையில் நிற்கிறது, அங்கிருந்து இரண்டு பாதை பிரிகிறது. பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

மனித மூளையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு கேட்ட மிக நல்ல கேள்விகளுள் ஒன்று இந்த மாடியில் என் காலடியில் கிடக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பழக்கம் எப்படி உருவாகிறது என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளிவந்த தம் பெருநூலில் விளக்கினார். ஓர் அசைவு முடியும்போது தசையிலும் மூட்டிலும் ஓர் உணர்வு எழுகிறது, அந்த உணர்வே அடுத்த அசைவைத் தூண்டுகிறது, அது அதற்கடுத்ததை. கோத்த மணிமாலைபோல ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். கேட்டால் சரி என்றே தோன்றும். இதற்கு எதிராகக் கார்ல் லாஷ்லி என்ற நரம்பியலாளர் 1948இல் கலிபோர்னியாவில் ஒரு கருத்தரங்கில் பேசினார். 1951இல் அது அச்சில் வந்தது. அவர் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று வேகம் பற்றியது. தேர்ந்த இசைக்கலைஞரின் விரல்கள் நொடிக்குப் பதினாறு முறை வரை தட்டக்கூடும். விரலின் உணர்வு மூளைக்குப் போய், மூளை யோசித்து, அடுத்த ஆணை விரலுக்குத் திரும்ப அவ்வளவு நேரம் அங்கே இல்லை.

இன்னொரு வாதம் எனக்கு இன்னும் முக்கியமானது. ஒரே துண்டு பல வரிசைகளில் வருகிறது, ஒவ்வொன்றிலும் அதன் பின்னால் வேறொன்று வருகிறது. ‘கடல்’ என்று சொல்லும்போதும் ‘கரும்பு’ என்று சொல்லும்போதும் வாய் ‘க’வில்தான் தொடங்குகிறது. ‘க’ முடிந்த உணர்வுதான் அடுத்த எழுத்தைத் தூண்டுகிறது என்றால், வாய் எந்தச் சொல்லுக்குப் போகும்? ஒவ்வோர் அசைவுக்கும் மேலே, முழு வரிசையையும் முன்கூட்டியே பிடித்துவைத்திருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்றார் லாஷ்லி.

கும்காங்கின் பதினேழும் இருபதும் அவருடைய வாதத்துக்கு உடம்பால் எழுதிய உதாரணம். மணிமாலையாக மட்டும் கற்றவர் அங்கே நிச்சயம் வழிதவறுவார். உடம்பு சொல்லும் சேதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ‘இது எத்தனையாவது கொக்கு’ என்ற கணக்கு உடம்புக்கு வெளியே எங்கோ இருக்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் அக்கா. விடியும் முன் வந்து நிற்கும் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய், இருபது வருடம் ஓவர்லாக் தைத்தவர். லைனில் ஒரு டி-சர்ட் எப்படி உருவாகிறது என்று திருப்பூர் வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். ஒருவர் தோள் சேர்ப்பார், அடுத்தவர் கழுத்து ரிப் ஏற்றுவார், அதற்கடுத்தவர் கை ஏற்றுவார், பிறகு சைடு மூட்டுவார்கள், பேட்லாக் மெஷினில் அடி மடிப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலைதான். அந்த ஒரு வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அக்கா தோள் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். துணியின் இரண்டு ஓரமும் எப்போது ஒன்றின்மேல் ஒன்று படிந்தது என்று கண்ணுக்குத் தெரியும் முன் தையல் முடிந்திருக்கும்.

மூட்டுவலி வந்து வேலையை விட்ட பிறகு, வீட்டிலேயே ஒரு மெஷினைப் போட்டார். முதல் வாரம் பேரனுக்கு முழு டி-சர்ட் ஒன்றைத் தாமே தைத்தார். எல்லாத் தையலும் கச்சிதம். ஆனால் கை ஏற்றும் முன்பே சைடை மூட்டிவிட்டார். விரித்த துணியில் நேராக ஏற்ற வேண்டிய கையை, குழாயாகிவிட்ட உடம்பில் வட்டமாகச் சுற்றி ஏற்ற வேண்டியதாயிற்று. பிரித்துத்தான் மறுபடி தைத்தார்.

“எல்லா வேலையும் எனக்குத் தெரியுமுங்க தம்பி. எது முன்னால, எது பின்னாலன்னு லைனுக்குத்தானுங்க தெரியும்” என்றார் அன்று.

வேலை தெரிவது ஒன்று, வரிசை தெரிவது வேறொன்று. கம்பெனியில் வேலை ஆட்களின் கையில் இருக்கிறது; வரிசை மெஷின்களைப் போட்டிருக்கும் முறையில் இருக்கிறது. மூளைக்குள்ளும் இந்தப் பிரிவினை உண்டா?

உண்டு. ஜப்பானின் ஜுன் தஞ்சியும் கெய்செட்சு ஷிமாவும் குரங்குகளுக்கு மூன்று வேலைகள் கற்றுக்கொடுத்தார்கள்: ஒரு கைப்பிடியைத் தள்ளு, இழு, திருப்பு. பிறகு இந்த மூன்றையும் வெவ்வேறு வரிசைகளில் மனப்பாடமாகச் செய்யப் பழக்கினார்கள். உச்சந்தலைக்குக் கீழே, பெருமூளையின் இரு பாதிகளும் சந்திக்கும் உட்புறச் சுவரில் துணை இயக்கப் பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே சில நரம்பணுக்கள் வினோதமாக நடந்துகொண்டதை அவர்கள் 1994இல் அறிவித்தார்கள். ஓர் அணு, இழுத்து முடித்துத் தள்ளப் போகும் இடைவெளியில் மட்டும் துடித்தது. வேறு எதையாவது செய்த பின் தள்ளினால் துடிக்கவில்லை, இழுத்த பின் திருப்பினாலும் துடிக்கவில்லை. அது இழுப்பதற்கான அணுவும் இல்லை, தள்ளுவதற்கான அணுவும் இல்லை. இரண்டையும் சேர்க்கும் மூட்டுக்கான அணு. வேறு சில, முழு வரிசை எது என்பதைப் பொறுத்து, முதல் அசைவு தொடங்கும் முன்பே துடித்தன. பின்னர் அந்தப் பகுதியை மருந்தால் சிறிது நேரம் உறங்கவைத்துப் பார்த்தார்கள். விளக்கு எரிந்து ‘இப்போது தள்ளு’, ‘இப்போது இழு’ என்று காட்டினால் குரங்கு சரியாகவே செய்தது. மனப்பாடமாகச் செய்யச் சொன்னால் வரிசை குலைந்தது. தனித்தனி வேலைகள் அப்படியே இருக்க, வரிசை மட்டும் போய்விட்டது.

இதைப் படித்தபோது அக்காவின் டி-சர்ட் என் கண்முன் வந்து நின்றது. எங்களுக்குப் பூம்சே கற்றுத்தரும் மாஸ்டர் எதிரே நின்று “ஹனா, துல், செட்” என்று கொரிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, அடுத்த அசைவின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தால் ஒருவர்கூடப் பதினேழில் தவறுவதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அவர் குரல்தான் எங்களுக்கு எரியும் விளக்கு. அவர் வாயை மூடிக்கொண்ட நாளில்தான் கும்காங் உண்மையில் தொடங்குகிறது.

எங்கள் கொங்கு நாட்டில் வள்ளி கும்மி மறுபடி ஊருக்கு ஊர் எழுந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே சீராக அடியெடுத்துவைக்கிறார்கள், குழந்தைகள்கூடத் தடுமாறுவதில்லை. அவர்கள் கற்பது எளிது என்று நான் சொல்லமாட்டேன், அந்த அடவுகள் மூச்சு வாங்கவைக்கும். ஆனால் அங்கே பாட்டு இருக்கிறது. பாட்டின் அடியே அடுத்த அடவு எது என்று சொல்லிவிடுகிறது. பரதத்தில் நட்டுவனாரின் சொற்கட்டும் அந்த வேலையைத்தான் செய்கிறது. வரிசையைச் சுமக்கும் பொறுப்பைக் காலிடமிருந்து வாங்கிக் காதிடம் ஒப்படைத்தவர்கள் நம் முன்னோர். பூம்சேயில் பாட்டு கிடையாது. ஜகார்த்தாவில் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பூம்சே முதன்முதலாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றபோது காணொளியில் பார்த்தேன். வகுத்த பூம்சேக்களை ஆடும் சுற்றில் அரங்கமே அமைதியாகி, உடையின் படபடப்பு மட்டும் கேட்டது. இந்தோனேசியாவின் டெஃபியா ரோஸ்மானியார் தங்கம் வென்றார். நம் நாட்டில் அருணாசலப் பிரதேசத்தின் ரூபா பேயோர் ஆசிய அளவில் பதக்கம் பெறும் இடத்துக்கு வந்திருக்கிறார். இந்தப் போட்டியில் பத்து மதிப்பெண்ணில் துல்லியத்துக்கு நான்கு, வெளிப்பாட்டுக்கு ஆறு. சிறு பிசகுக்கு 0.1 போகும், பெரும் பிழைக்கு 0.3. மிதிக்கக் கூடாத இடத்தில் மிதித்தவர் அதற்குப் பிறகு எவ்வளவு அழகாக ஆடினாலும் போன மதிப்பெண் திரும்பி வராது.

கொக்கு நிலையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. வரிசை குலைவதற்கு அதுவும் ஒரு காரணம். நீர்நிலைப் பறவைகள் ஒற்றைக் காலில் தூங்குவதைப் பார்த்து நாம் பொறாமைப்படுகிறோம். பூநாரைகளை ஆராய்ந்து 2017இல் யங்-ஹுய் சாங், லீனா டிங் இருவரும் வெளியிட்ட கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. செத்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் நிறுத்த முடிந்தது. இரண்டு காலில் நிறுத்த முடியவில்லை. உடல் எடையே மூட்டுகளை ஓரிடத்தில் நிலைக்கவைக்கிறது, தசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. மனிதருக்கு அந்தக் கொடை கிடையாது. முழங்காலை மடக்கி ஒற்றைக் காலில் நிற்கும்போது நம் உடல் எடையின் மையம் ஒரு பாதத்தின் அகலத்துக்குள் அடங்க வேண்டும், அது ஒருபோதும் சும்மா இருக்காது. உள்ளங்காலின் அழுத்தம், கணுக்கால் தசையின் இழுவை, உட்காதின் திரவ அசைவு, கண் காணும் தொடுவானம் எல்லாம் சேர்ந்து செய்தி அனுப்ப, சிறுமூளை கணத்துக்குக் கணம் திருத்துகிறது. லேசாக ஒரு தள்ளு விழுந்தால் கணுக்கால் தசை எதிர்வினை காட்ட ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் மேல்காற்று அடுத்த தள்ளைத் தந்துவிடுகிறது.

இந்தத் திருத்தம் புதிதாகப் பழகுகிறவருடைய கவனம் முழுவதையும் தின்றுவிடும். ‘இது எத்தனையாவது கொக்கு’ என்று நினைத்துக்கொண்டிருந்த மனம், ‘விழாமல் நில்’ என்பதற்கு ஓடிப்போகிறது. கால் இறங்கி, சுற்றி, அமரும்போது கணக்கு கையில் இல்லை. கணக்கு இல்லாத உடம்பு, முதலில் கற்ற வழியில் போகும். முதல் கொக்குக்குப் பின் வந்தது மலை. எனவே மிதிக்கிறது.

நாங்கள் பள்ளியில் பதினாறாம் வாய்ப்பாடு படித்த விதம் இதே கோளாறு உடையது. ஏழு பதினாறு எவ்வளவு என்று வாத்தியார் நடுவில் கேட்டால், மனதுக்குள் ஓரொண்ணிலிருந்து ஓடி வந்துதான் ஏழுக்குச் சேர முடியும். முதலிலிருந்து கடைசிவரை மறுபடி மறுபடி ஓடிப் பழகியது இறுகிய ஒரே கட்டாகிவிடுகிறது. நடுவில் கதவு இல்லை. எங்கள் மாஸ்டர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முழுப் பூம்சேயை ஒரு மாதம் ஆடவிடவில்லை. “பதினெட்டில் தொடங்கு”, “இருபத்தொன்றில் தொடங்கு”, “பதினைந்தில் தொடங்கி இருபதில் நில்” என்று தாறுமாறாகக் கூப்பிடுவார். அந்த மாதம் முழுக்க நாங்கள் மோசமாக ஆடினோம். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவர் செய்தது சரி என்பதற்கு ஆய்வு இருக்கிறது. ஜான் ஷேயும் ராபின் மார்கனும் 1979இல், கையில் ஒரு பந்தோடு மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டிவிடும் மூன்று பணிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு பணியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பழகும்போது கலந்து செய்தவர்கள் பின்தங்கினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முந்தினார்கள். ஒவ்வொரு முறையும் ‘இப்போது எது, அடுத்து எது’ என்று புதிதாகத் தேடி எடுக்க வேண்டியிருந்ததால், தேடும் வழியே அவர்களுக்குப் பழகிவிட்டது என்பது ஒரு விளக்கம். பழகும் நாளில் நன்றாக ஆடுவதும், கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. பிள்ளைகளுக்கு எதையாவது கற்றுக்கொடுக்கும் எவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தேர்ந்தவரின் தலைக்குள் வரிசை எந்த உருவில் இருக்கிறது என்பதற்கும் இப்போது ஒரு விடை கிடைத்திருக்கிறது. காட்டியா கோர்னிஷேவாவும் அவர் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து விரல் தட்டல்கள் கொண்ட வரிசைகளை மனப்பாடம் செய்தவர்களின் மூளைக் காந்தப்புலத்தை அளந்தார்கள். முதல் தட்டலுக்கு முன்பே, வரப்போகும் தட்டல்களின் தடயங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. ஆனால் சமமாக இல்லை. முதலில் வருவது மிக வலுவாக, அடுத்தது சற்றுக் குறைவாக, அதற்கடுத்தது இன்னும் குறைவாக. ரேஷன் கடை வரிசைபோல எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள், முன்னால் இருப்பவர் முந்துகிறார். இந்தப் படிநிலை யாருக்குத் தெளிவாக இருந்ததோ அவர்கள் இன்னும் திறமையாகத் தட்டினார்கள். மங்கலாக இருந்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள். அது விரல்களின் கதை. முழு உடம்பும் சுழலும் 27 அசைவுகளை அப்படி அளக்கக் கருவிக்குள் ஆளை அடக்க முடியாது. ஆனாலும் பதினேழில் என்ன நடக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இந்தச் சித்திரம்தான் உதவுகிறது: கொக்கும் மலையும் வரிசையில் ஏறக்குறைய ஒரே இடத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன.

தினமும் விடியற்காலையில் மிதித்தேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், முந்தைய இரவு வெறுத்துப்போய் நிறுத்திய இடம் காலையில் தானாக வந்தது. தூக்கத்தின் கைங்கரியம் அது. விரல் தட்டும் வரிசையை மாலையில் கற்றவர்கள், நடுவில் பயிற்சியே இல்லாமல், ஓர் இரவு உறங்கி எழுந்ததும் ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாகச் செய்ததை மேத்யூ வாக்கரும் தோழர்களும் 2002இல் காட்டினார்கள்.

பழகும்போது நான் மனதுக்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன். மிதிப்பு விழும் இடங்களை மட்டும் நினைவில் வைத்தேன். பதினொன்று, பதினான்கு, இருபத்தொன்று, இருபத்துநான்கு. இரண்டு மிதிப்பு, நடுவில் நீண்ட மௌனம், மறுபடி இரண்டு மிதிப்பு. அந்த மௌனத்துக்குள் ஆறு அசைவுகள், இரண்டு கொக்குகள். இதை நானாகக் கண்டுபிடித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு காலை, இறங்கி வரும்போது அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

“ஏனுங்க தம்பி, இன்னிக்கு ஒண்ணு முந்தி விழுந்துருச்சாட்டம் இருக்குதுங்களே?”

அன்று காற்று பலமாக இருந்தது. கொக்கில் தடுமாறி, பதினேழில் மிதித்திருந்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“தெனமும் மேல கேக்குதல்லங்க. டொம், டொம்னு ரெண்டு. அப்பறம் ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. அப்பறம் ரெண்டு. அந்தச் சத்தமில்லாத நேரத்துலதானுங்க நான் பாலை அடுப்புல வெப்பேன். இன்னிக்குப் பாலை வெக்கறதுக்குள்ள விழுந்துருச்சுங்க.”

பிறகு அடுத்த புள்ளிக்கு மாவை இழுத்தார்.